திசை மறந்த சில்லு

"செத்தது யாரு?" என்று கேட்டேன்.

"இதுதான்," என்றார் கையுறைக்காரர்.

இடுக்கியின் நுனியில் அவர் தூக்கிக் காட்டியது சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடி போன்ற ஒரு சில்லு. ஆராய்ச்சி நிலையம், மர்மம், விசாரணைக் குழு என்றெல்லாம் கேள்விப்பட்டு வந்தவனுக்கு இது பெரிய ஏமாற்றம். குனிந்து பார்த்தேன். என் மூக்கின் நிழலைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை.

"உயிரோட இருந்தப்ப என்ன பண்ணிட்டு இருந்தது?"

"தம்பி," என்றார் அண்ணி. அவ்வளவுதான். என்னை அடக்க அதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட அண்ணி செலவழிப்பதில்லை.

அண்ணி துப்பறிவாளர். நான் உதவியாளன். அண்ணன் இருந்தவரை மூன்று பேராக நடத்திய தொழில் இது. போன வருடம் ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்த அண்ணன் நிமிரவில்லை. அதற்குப் பிறகு அண்ணி கேஸ் எடுப்பதை நிறுத்தவில்லை, நான் கடி ஜோக் அடிப்பதை நிறுத்தவில்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நாங்கள் எப்போது அழுவோம் என்று சொந்தக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அழுகை வரவில்லை. துக்கம் என்றுகூட எதுவும் இல்லை, உள்ளே வெறுமையாக இருந்தது. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தோம்.

முந்தின நாள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். அவருடைய மனைவி இந்த நிலையத்தில் பல வருடங்கள் ஆராய்ச்சியாளராக இருந்தவர். தன் கடைசிக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குப் புறப்பட்டவர், ரயில் நிலையத்தில் மூளை ரத்தக்குழாய் வெடித்து, பையைப் பிடித்த கையோடு விழுந்துவிட்டார். அவர் இறந்த பிறகு நிலையத்தார் அந்தக் கண்டுபிடிப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். வேலை செய்யவில்லை. மோசடி என்கிறார்கள். இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. குழுவும் அதையே சொல்லிவிட்டால் அவருடைய கட்டுரை திரும்பப் பெறப்படும், காரணம் இன்னது என்று பெயரோடு உலகத்துக்கு அறிவிப்பு போகும்.

"என் மனைவி பொய்க்காரி இல்ல மேடம். அதை மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க," என்றார் டாக்டர். வாய் கொப்பளிக்கச் சொல்கிற அதே குரலில் சொன்னார். அண்ணி உடனே கேஸை எடுத்துக்கொண்டார்.

கையுறைக்காரர் அந்த அம்மாவோடு வேலை பார்த்தவர். டீ குடிக்கும்போதும் நீல ரப்பர் கையுறையைக் கழற்றவில்லை. அவருக்கு வேறு பெயர் யோசிக்க எனக்கு அவசியம் ஏற்படவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்," என்றேன். "பிசிக்ஸ் வாத்தியாரைப் பாத்தா அடுத்த தெரு வழியாப் போனவன் நான்."

"இது பேரியம் டைட்டனேட். இந்தப் படிகத்துக்குள்ள ஒரு திசை இருக்கு. மேல பாக்கும், இல்லேன்னா கீழ பாக்கும். மின்சாரம் கொடுத்தா திரும்பும். மின்சாரத்தை நிறுத்தினாலும் திரும்பின பக்கமே நிக்கும்."

"எங்க பெரியப்பா மாதிரி. ஒரு தடவை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா அவ்வளவுதான்."

அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. "திசை மேல பாத்தா எலெக்ட்ரான் எல்லாம் மேற்பரப்புல வந்து படியும். காய்ச்சின பால்ல ஆடை படியுற மாதிரி மெல்லிசா ஒரு அடுக்கு. அதுல கரண்ட் ஓடும். திசை கீழ பாத்தா அந்த ஆடை கலைஞ்சிடும், ஓடாது. வேணும்னா வரவைக்கலாம், வேண்டாம்னா போகவைக்கலாம், கரண்ட்டை நிறுத்தினாலும் கடைசியா எப்படி இருந்ததோ அப்படியே ஞாபகம் வெச்சிருக்கும். இதைத்தான் அவங்க அளந்து காட்டினாங்க."

"யாருக்குக் காட்டினாங்க?" என்றார் அண்ணி.

"வரைபடமாக் காட்டினாங்க. அளக்கும்போது கூட யாரும் இல்ல. வெளிச்சம் பட்டா அளவு கெட்டுடும்னு இருட்டறையில தனியாத்தான் அளப்பாங்க. எத்தனையோ சில்லு செஞ்சாங்க. சரியா வந்தது இது ஒண்ணுதான்."

"இப்போ?"

"நாங்க மூணு பேர் தனித்தனியா அளந்துட்டோம். ஆடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் கல்லு."

அப்போது துறைத்தலைவர் உள்ளே வந்தார். நரைத்த மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. எங்களைப் பார்த்ததில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. மறைக்கவும் முயலவில்லை.

"நேரத்தை வீணாக்காதீங்க. மைக்ராஸ்கோப்ல நீங்களே பாருங்க," என்றார். "திசை திருப்பி வெச்ச படிகம் ஒரே நிறமாத் தெரியும். இது கோடு கோடா, ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டு நிக்குது. ஒரு தடவைகூட திருப்பாத படிகம், நாங்க பச்சைப் படிகம்னு சொல்றது, இப்படித்தான் இருக்கும். அந்த அம்மா அளக்கவே இல்ல. இதைச் சொல்றதுல எனக்கு மட்டும் சந்தோஷமா? நான் வேலைக்கு எடுத்த ஆளு."

அண்ணி குனிந்து நெடுநேரம் பார்த்தார். எனக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. முதல் வகுப்புப் பையன் கலர் பென்சிலால் கிறுக்கிய மாதிரி இருந்தது.

"திருப்பி வெச்சது தானா மறந்துடுமா?" என்று கேட்டார் அண்ணி.

"தானா மறக்காது," என்றார் கையுறைக்காரர். "நூத்தி இருபது டிகிரி தாண்டினா மறக்கும். தாண்டி ஆறிட்டா மறுபடியும் பச்சைப் படிகம் மாதிரிதான். சூடும் ஈரமும் சேர்ந்தா அந்த எலெக்ட்ரான் அடுக்கும் போயிடும். நான் அதையும் யோசிச்சேன் மேடம். ஆனா அவ்வளவு சூட்டுக்கு எங்க போறது? வெயில்ல நிக்கிற கார்ல வெச்சாக்கூட எழுபதுதான். அடுப்புல காட்டியிருந்தா டப்பா கறுத்திருக்கும். எங்க உலையைத் திறந்தா யார் திறந்தாங்கன்னு பதிவாகிடும். யாரும் திறக்கல."

"குக்கர்ல போட்டு ரெண்டு விசில் விட்டிருப்பாங்க," என்றேன்.

துறைத்தலைவர் கதவைப் பார்த்தார், நான் போகவேண்டிய வழி அது என்பது போல. அண்ணி மட்டும் என் பக்கம் திரும்பி ஒரு கணம் என்னையே பார்த்தார். என் கடிக்கு அவரிடமிருந்து இப்படி ஒரு மரியாதை கிடைத்து ரொம்ப நாளாகிவிட்டது.

"அந்த டப்பா எங்கே?"

கையுறைக்காரர் கொண்டுவந்தார். மாத்திரை டப்பா அளவில் திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. கருகல் இல்லை, நசுங்கல் இல்லை. மூடியைச் சுற்றி வெளிர்பழுப்பில் ஒரு டேப் ஒட்டியிருந்தது. அதில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள்.

"இந்த டேப் உங்களோடதா?"

"இல்ல. இங்க மஞ்சள் டேப் மட்டும்தான். ரயில்ல மூடி திறந்துடக் கூடாதுன்னு அவங்க வீட்டுல ஒட்டியிருப்பாங்க. நாங்க ஒரு ஓரத்துல கிழிச்சுத் திறந்தோம்."

"வரிக்குதிரை டேப். ரசனையான அம்மா," என்றேன்.

"ரயில் நிலையத்துல இருந்து டப்பா இங்க எப்படி வந்தது?"

"ஆஸ்பத்திரியில பையை அவங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்திருக்காங்க. நாங்க கேட்டு அனுப்பினதும் அவரே கொண்டுவந்து கொடுத்தார்."

அண்ணி டேப்பின் கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, சந்தேகமே வேண்டாம், கையுறைதான். கழற்றவே மாட்டேங்கறாரு பாருங்க. அந்த அம்மா போயாச்சு. கண்டுபிடிப்பு பொய்னு ஆக்கிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு தானே கண்டுபிடிச்ச மாதிரி…"

"கட்டுரையில ரெண்டாவது பேரு அவருடையது. பொய்னு ஆனா அவர் பொழப்பும் சேர்ந்து போகும்."

"அப்போ துறைத்தலைவர்?"

"மூணாவது பேரு."

"வேற யாரு அண்ணி மிச்சம்? நான்தான்."

"நீதான் கண்டுபிடிச்ச," என்றார் அண்ணி, வண்டிச் சாவியை என் கையில் போட்டபடி. "குக்கர்."

பல் டாக்டரின் மருத்துவமனை மாடியில் இருந்தது. காத்திருக்கும் அறையில் நான்கு நாற்காலி, ஒரு மீன்தொட்டி, சுவரில் தன்னந்தனியாகச் சிரிக்கும் ஒரு பல்வரிசைப் படம். பாதித் திறந்த கதவு வழியாக டாக்டர் தெரிந்தார். சாய்வு நாற்காலியில் ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

"மரத்துப்போச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அந்தப் பெண் தலையை ஆட்டினார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வெளியே மேடையருகே செவிலிப் பெண் ஒருத்தி கருவிகளை நீலத்துணியில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து ஒரு சுருளிலிருந்து டேப்பைக் கிழித்து ஒட்டினாள். வெளிர்பழுப்பு டேப். நான் எட்டிப் பார்த்தேன். அதே நிறம், அதே அகலம். ஆனால் கறுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை.

"இது வேற டேப் அண்ணி," என்று கிசுகிசுத்தேன். "வரிக்குதிரை இல்ல, வெறும் கழுதை."

"பொறு."

மூலையில் வட்டக் கதவு வைத்த ஒரு இயந்திரம் நின்றது. பெரிய குக்கரைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. அது உஸ்ஸென்று நீளமாக மூச்சு விட்டது. செவிலி போய்க் கதவைத் திறந்தாள். ஆவி கிளம்பியது. உள்ளேயிருந்து வெந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் அடுக்கினாள். எல்லாவற்றின் மேலும் டேப் இருந்தது. எல்லா டேப்பிலும் சாய்வாகக் கறுப்புக் கோடுகள்.

அண்ணி கைப்பையிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிரம்மனுக்கும் தெரியாது.

"இது என்னம்மா கோடு?"

"ஆவியில வெந்தாத்தான் அது கறுக்கும்க்கா. கறுத்திருந்தா கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தம். உள்ள எதைப் போட்டாலும் டேப் ஒட்டாமப் போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷன்."

"எவ்வளவு சூடு?"

"நூத்தி முப்பத்தி நாலு டிகிரி."

கேஸ் முடிந்துவிட்டது, சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. மீன்தொட்டியில் குமிழ் வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேஸ் கொடுத்தவரேவா அண்ணி? அப்புறம் எதுக்கு நம்மகிட்ட வந்தாரு? நேத்து கேட்டப்போ டப்பாவை ஒண்ணும் செய்யல, அப்படியே கொடுத்தேன்னு சொன்னாரே."

"அவர் பொய் சொல்லல. நீயே கேட்டுப் பாரு."

டாக்டர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்து முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். நான் கேட்டேன். "சார், அந்த டப்பாவை நிலையத்துல கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. அப்படியே கொடுத்தேன்."

"சுத்தம் பண்ணினீங்களா?" என்றார் அண்ணி.

"பின்னே? சுத்தம் பண்ணாம எப்படி மேடம் கொடுக்கறது?"

கை கழுவினீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார். இருபது வருடமாக எந்தப் பொருளும் அந்த இயந்திரத்துக்குள் போய் வராமல் அவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதில்லை. அது அவருக்கு ஒரு காரியமே இல்லை. காரியத்தில் சேர்த்தி இல்லாததை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா?

அண்ணி நாற்காலியைக் காட்டினார். டாக்டர் உட்காரவில்லை.

"அதைத் திறந்தீங்களா?"

"தினமும்." அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "அவ கடைசியா செஞ்ச பொருள் அது. திறந்து விரலை வெச்சுப்பேன். கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டு மூடிடுவேன். அவ இருந்தப்போ அது பக்கத்துலயே விடமாட்டா. உங்க கை பட்டா கெட்டுடும், ஒரு விரல் பட்டாலும் போச்சுன்னு கத்துவா. நிலையத்துல இருந்து கேட்டதும் எனக்கு பயமாயிடுச்சு. என் விரல் அழுக்கோட போனா அவளுக்குத்தானே கெட்ட பேரு? அதான் நல்லாத் துடைச்சு, டேப் ஒட்டி…"

அவர் பார்வை மூலைக்குப் போனது. இயந்திரத்தின் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.

அண்ணி எதையும் பூசி மெழுகவில்லை. "அந்தச் சூட்டுல படிகத்தோட திசை அழிஞ்சிடுச்சு டாக்டர். அவங்க அளந்தது உண்மைன்னு சொல்ல இருந்த ஒரே சாட்சி அதுதான். அழிஞ்சதனாலதான் அளக்கவே இல்லைன்னு சொல்றாங்க."

டாக்டர் அழவில்லை. "ஊசி போட்டு வெச்சிருக்கேன், மரப்பு இறங்கிடும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பல்லை எடுத்தார். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார், எப்போது எடுத்துப் போடவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார், கை கழுவினார், வெளியே வந்தார்.

"நான் சொல்லித்தான் ஆகணுமா?"

"டேப்பைக் காட்டினா யார் வெச்சதுன்னு கேப்பாங்க. உங்களைத் தவிர சொல்றதுக்கு யாரும் இல்ல."

"நானே சொல்றேன்."

டாக்டர் தன் வண்டியில் முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம். சிக்னலில் நின்றபோது நான் ஆரம்பித்தேன். "அவர்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணி. ரயில்ல ஏதோ ஆயிடுச்சு, எஞ்சின் சூடு, அப்படி இப்படின்னு நான் அளந்து விட்டிருப்பேன்."

"மனைவி பொய்க்காரி இல்லன்னு நிரூபிக்கச் சொல்லித்தான் அவர் நம்மகிட்ட வந்தார். தன்னைக் காப்பாத்தச் சொல்லி வரல."

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

"உங்க அண்ணன் துணியெல்லாம் நான் மறுநாளே துவைச்சுட்டேன் தம்பி," என்றார் அண்ணி அடுத்த திருப்பத்தில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "அழுக்குக் கூடையில கிடந்தது. துவைச்சு, காயவெச்சு, தேய்ச்சு மடிச்சு அடுக்கிட்டேன். அடுக்கின பிறகுதான் தெரிஞ்சது, அவர் வாசனையும் போயிடுச்சுன்னு."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். வாய்க்கு வந்த எந்தக் கடியும் அந்த வண்டிக்குள் சொல்கிற மாதிரி இல்லை.

விசாரணை அறையில் நீள மேசை. குழுத் தலைவி வெளியூரிலிருந்து வந்தவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். துறைத்தலைவரும் கையுறைக்காரரும் பக்கத்தில் இருந்தார்கள். மேசை நடுவில் டப்பா. டாக்டர் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். துடைத்தது, டேப் ஒட்டியது, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். விரலை வைத்ததையும் சொன்னார். ஒரு நோயாளியின் பல்லைப் பற்றி இன்னொரு டாக்டருக்கு விளக்குகிற மாதிரி, குரல் ஏறாமல் இறங்காமல். மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு பொட்டலத்தை அண்ணி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கையுறைக்காரர் இரண்டு டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நூத்தி முப்பத்தி நாலு, அதுவும் ஆவியில," என்றார். "கோடு கோடாத்தான் ஆகியிருக்கும். பச்சைப் படிகம் மாதிரியேதான் இருக்கும்."

துறைத்தலைவர் ஒரு பேனாவை எடுத்தார், திரும்பப் பையில் செருகினார். "அப்படின்னா இந்தச் சில்லைக் காட்டி அவங்க பொய் சொன்னாங்கன்னு சொல்ல முடியாது."

"உண்மை சொன்னாங்கன்னும் சொல்ல முடியாதே," என்றார் குழுத் தலைவி.

"நான் சொல்லவைக்கறேன் மேடம்." கையுறைக்காரர் எழுந்துவிட்டார். "அவங்க செஞ்ச முறையிலயே மறுபடி செய்யறேன். வர்ற வரைக்கும் செய்யறேன். அதுவரைக்கும் கட்டுரை மேல கை வைக்காதீங்க." காலையில் இவரைத்தான் நான் திருடன் என்றேன்.

குழுத் தலைவி மற்றவர்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார். "கட்டுரை அப்படியே இருக்கட்டும். மோசடின்னு எந்த அறிவிப்பும் போகாது," என்றார். ஒவ்வொருவராக நாற்காலியைத் தள்ளி எழுந்தார்கள்.

டாக்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அவ கடைசியா அதுல வெச்சிட்டுப் போன திசை… அதைத் திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"புதுசா ஒண்ணு செய்யலாம் சார்," என்றார் கையுறைக்காரர். "அது அவங்க வெச்சதா இருக்காது."

"இந்தச் சில்லு இனி உங்களுக்குத் தேவைப்படுமா?"

கையுறைக்காரர் துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் தலையசைத்தார். டப்பாவை மேசை மேலே டாக்டர் பக்கம் நகர்த்திவைத்தார் கையுறைக்காரர்.

டாக்டர் மூடியைத் திருகித் திறந்தார். வலது கை ஆள்காட்டி விரலை உள்ளே கொண்டுபோனார். சில்லுக்கு ஒரு நூல் மேலே விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ கை படலாமா?"

அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் போன பிறகு அவர் யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"படலாம் சார்," என்றார் கையுறைக்காரர். "இனிமே அதுல கெடறதுக்கு ஒண்ணும் இல்ல."

டாக்டர் விரலை வைத்தார்.